கடினநீரும் மென்னீரும்

நாள்தோறும் நாம் புழங்கும் பொருள்களுள் தண்ணீரைப்போல் நமக்கு நெருங்கியது வேறொன்றில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது முகம் கழுவுவது முதல், பால் நிறுத்துக் கொடுத்தபின் வாளி கழுவுவது, மாலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, இரவில் உலை வைப்பது வரை அனைத்தும் தண்ணீரைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆயினும் தண்ணீரின் தன்மையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது மிகக் குறைவு. அதன் நிறமோ மணமோ மாறினால் மட்டுமே நம் கவனம் அதன்பால் செல்கின்றது.

தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்து செல்லும் இக்காலத்தில், பட்டணத்துக் குழாய்நீரைப் பற்றிப் பலவிதமான பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. அவற்றுள் மூன்று அடிக்கடி காதில் விழுபவை. ‘அத்தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது, குடித்தால் வயிற்றில் கல் சேரும்’ என்பது ஒன்று. ‘காய்ச்சினால் சுண்ணாம்பு இன்னும் அதிகமாகிறது, ஆகவே காய்ச்சாமல் குடிப்பதே மேல்’ என்பது மற்றொன்று. ‘ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலையுள்ள வடிகட்டும் இயந்திரம் இல்லாத வீட்டில் யாரும் நலமாக இருக்க முடியாது’ என்பது மூன்றாவது. முதலாவது வீண் அச்சத்தைத் தருகின்றது. இரண்டாவது நோயை வரவழைக்கின்றது. மூன்றாவது கடனை வரவழைக்கின்றது. ஆகவே, இவற்றில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை இக்கட்டுரையில் ஆராய்ந்து பார்ப்போம்.

கடினநீர் என்பது யாது?

ஒரு வாளி நீரில் சவர்க்காரத்தைக் கரைத்தால் சில நீரில் உடனே நுரை பொங்குகின்றது. சில நீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழுவதில்லை. தயிர்த்திப்பி போன்ற வெள்ளை அழுக்கே மிதக்கின்றது. எளிதில் நுரைக்கும் நீர் மென்னீர். நுரைக்க மறுக்கும் நீர் கடினநீர்.

கடினநீரில் கால்சியம், மக்னீசியம் என்னும் இரு தாதுப் பொருள்கள் மிகுதியாகக் கரைந்திருக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கால்சியத்தைக் கொண்ட பொருளே. கரைந்த நிலையில் இத்தாதுக்களுக்கு நிறமில்லை, மணமுமில்லை. நீர் பளிங்குபோல் தெளிவாகவே காணப்படும். எனவே, கடினநீரைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது.

ஒரு லிட்டர் நீரில் இத்தாதுக்கள் எத்தனை மில்லிகிராம் உள்ளன என்பதைக் கொண்டு அறிவியலார் நீரை வகைப்படுத்துவர். இதனைக் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புக்கல் பொருளின் அளவாகக் குறிப்பது வழக்கம். 60 மில்லிகிராமுக்குக் குறைந்தது மென்னீர். 60 முதல் 120 வரை இடைத்தரம். 120 முதல் 180 வரை கடினநீர். 180க்கு மேற்பட்டது மிகுகடினநீர். மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரவிதி 500 மில்லிகிராமை மேல் எல்லையாகக் கொண்டுள்ளது.

பத்துமலை கற்பிக்கும் பாடம்

கால்சியம் நீருக்குள் எவ்வாறு வருகின்றது? இதனை அறிய நாம் ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று 272 படிகளை ஏறி நாம் தரிசிக்கச் செல்லும் பத்துமலைக் குகையை நினைவுகூர்ந்தால் போதும்.

பத்துமலை முழுவதும் சுண்ணாம்புக்கல். வானத்திலிருந்து விழும் மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்புத் தன்மை பெறுகின்றது. அந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. இவ்வாறு கரைந்து கரைந்தே குகைகள் தோன்றின. சுண்ணாம்பைச் சுமந்த நீர் குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது, கரியமிலவாயு காற்றில் பிரிந்து போகின்றது. வாயு பிரிந்ததும் சுண்ணாம்பு நீரில் நிற்க முடியாமல் மீண்டும் கல்லாகப் படிகின்றது. குகையின் கூரையில் விழுதுகள்போல் தொங்கும் கற்கள் யாவும் அவ்வாறு சொட்டுச் சொட்டாக வளர்ந்தவையே.

நம் அடுப்பின்மீதுள்ள கெட்டிலிலும் இதே செயல்தான் நடைபெறுகின்றது. கடினநீரைக் காய்ச்சும்போது கரியமிலவாயு வெளியேறுகின்றது. சுண்ணாம்பு கெட்டிலின் அடியிலும் ஓரங்களிலும் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கின்றது. குகையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது கெட்டிலில் சில வாரங்களில் நிகழ்ந்துவிடுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. காய்ச்சுவதால் சுண்ணாம்பு புதிதாக உண்டாவதில்லை. நீரில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சுண்ணாம்பு, காய்ச்சியபின் கண்ணுக்குத் தெரிகின்றது. ஒரு பகுதி கெட்டிலில் படிந்துவிடுவதால், காய்ச்சி ஆறவைத்துத் தெளியவைத்த நீரில் சுண்ணாம்பு முன்னைவிடக் குறைவாகவே இருக்கும். காய்ச்சினால் நீங்கும் இத்தன்மையைத் ‘தற்காலிகக் கடினத்தன்மை’ என்பர். கால்சியமும் மக்னீசியமும் வேறு வகை உப்புகளாகக் கரைந்திருப்பின் காய்ச்சினாலும் நீங்கா. அது ‘நிரந்தரக் கடினத்தன்மை’ எனப்படும்.

நம் ஆற்று நீர் எத்தகையது?

இனி நம் மாவட்டத்து நீரைப் பற்றிப் பார்ப்போம். சிலாங்கூர் ஆறு பிரேசர் மலையின் அடிவாரத்தில் தோன்றுகின்றது. கோல குபு பாரு, ராசா ஆகிய ஊர்களைக் கடந்து, 2007ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாகப் பாய்ந்து, கோல சிலாங்கூரில் கடலோடு கலக்கின்றது. இவ்வாறு பிறக்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல் சுண்ணாம்புக்கல்லைப்போல் மழைநீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே இந்த ஆற்று நீர் இயல்பாகவே மென்னீராகும்.

கோலாலம்பூர் நகரின் பெரும் பகுதி சுண்ணாம்புக்கல் படுகையின்மீது அமைந்துள்ளது. ஆயினும் அந்நகரத்தார் குடிப்பது தங்கள் காலடியில் உள்ள நீரையன்று. கிள்ளான் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் குழாய்நீரில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, நம் வட்டாரத்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் தூய்மை செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றது. நம் தோட்டங்களின் அருகே ஓடும் ஆற்றுநீரைத்தான் பட்டணத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் நம் பிள்ளைகளும் குழாயில் பிடிக்கின்றனர். கோலாலம்பூர்க் குழாய்நீர் முழுவதும் சுண்ணாம்பு என்னும் பேச்சுக்கு அடிப்படை இல்லை என்பது இதனால் விளங்கும். நீரின் புளிப்பைச் சரிசெய்யச் சுத்திகரிப்பு நிலையத்தில் சிறிதளவு சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு. அது நீரைக் கடினநீராக மாற்றும் அளவன்று.

நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரின் செய்தி வேறு. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு, பெர்லிஸ் மாநிலம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் குழாய்க்கிணறு தோண்டினால் கடினநீர் கிடைப்பது இயல்பு. ஆகவே, ‘எந்த ஊர்த் தண்ணீர்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எங்கிருந்து எடுத்த தண்ணீர்?’ என்றும் கேட்க வேண்டும்.

கடினநீரோடு வாழும் நகரங்கள்

கடினநீரின் விளைவுகளை முழுமையாக அறிய விரும்பினால், அதனோடு நாள்தோறும் வாழும் ஊர்களை நோக்க வேண்டும். உற்றார் உறவினரைக் காணத் தமிழ்நாட்டுக்குச் சென்று வந்தவர்கள், சென்னையில் ‘நல்ல தண்ணீர்’ என்றும் ‘உப்புத் தண்ணீர்’ என்றும் இரு சொற்கள் வழங்குவதைக் கேட்டிருப்பார்கள். பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளிலிருந்து குழாயில் வரும் நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது. வீட்டின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றப்படும் நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிகுந்தது. அது குளிக்கவும் துவைக்கவும் பயன்படுகின்றது. அத்தகைய வீடுகளில் குளியலறைக் குழாய்களின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருப்பதையும், பூவாளிக் குழாயின் துளைகள் அடைபட்டிருப்பதையும், தரைக்கற்களில் நீர்வடிந்த தடம் வெண்மையாகத் தெரிவதையும் காணலாம்.

நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தினுள் புகுந்தது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மழைநீரை நிலத்தினுள் இறக்குவதால் நீர்மட்டம் உயர்வதோடு அதன் உப்பும் கடினமும் தணிகின்றன. எனினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, நகரத்தார் லாரித் தண்ணீரையும் கிணற்றுநீரையும் நம்பி வாழ நேர்ந்தது.

நம் நாட்டு இரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் முற்காலத்தில் எழுத்தர்களாகப் பணிபுரிந்தோர் பலரின் பூர்வீகமான யாழ்ப்பாணம், ஏறத்தாழ முழுவதும் சுண்ணாம்புக்கல் தரையாகும். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கிணறுகளே மக்களுக்கு உயிர்நாடி. அக்கிணறுகளின் நீர் பெரும்பாலும் கடினமானது.

மேலைநாட்டில் இலண்டன் மாநகரின் குழாய்நீரும் கடினநீரே. அதனைச் சூழ்ந்துள்ள நிலம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. ஆனால் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 1859ஆம் ஆண்டில் காத்ரின் என்னும் மலையேரியிலிருந்து மென்னீரைக் கொண்டுவந்தது. அந்நீர் வந்தபின் வீடுகளில் சவர்க்காரச் செலவு குறைந்தது. அதற்கு முன்னரே, 1841ஆம் ஆண்டில், அபர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பார் கடினநீரை மென்னீராக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நீரில் அளவாகச் சுண்ணாம்பைச் சேர்த்து, அதனால் நீரிலுள்ள சுண்ணாம்பையே கீழே படியச் செய்வது அம்முறை. முள்ளை முள்ளால் எடுப்பது போன்ற இம்முறை இன்றும் பல நகரங்களில் கையாளப்படுகின்றது.

வீட்டில் விளையும் இழப்பு

கடினநீரால் வீட்டுக்கு நேரும் முதல் இழப்பு சவர்க்காரத்தில். சவர்க்காரம் அழுக்கைப் பற்றுமுன் நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு திப்பியாகிவிடுகின்றது. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை 20 லிட்டர் வாளியில் நிரப்புவோம். அவ்வாளி நீர் முழுவதிலும் நுரை எழ வேண்டுமானால், அதற்கு முன்பாகவே ஏறத்தாழ 36 கிராம் சவர்க்காரம் திப்பியாகி வீணாகும். அதாவது மூன்று வாளி நீருக்கு 100 கிராம் கட்டி ஒன்று, எவ்வித அழுக்கையும் போக்காமலே கரைந்துவிடும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் மட்டும் உள்ள மென்னீரில் இவ்விழப்பு அதில் பத்தில் ஒரு பங்கே.

அந்தத் திப்பி துணியின் இழைகளில் தங்குவதால் வெள்ளைத்துணி பழுப்பேறுகின்றது, துவாலை விறைத்துப்போகின்றது, தலைமுடி பிசுபிசுக்கின்றது. சலவைத்தூள்கள் பெரும்பாலும் இவ்வாறு திப்பியாவதில்லை. கடினநீர் உள்ள ஊர்களில் அவை பெரிதும் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது இழப்பு எரிபொருளில். வெள்ளைப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. படிவு ஏறிய கெட்டிலில் நீர் கொதிக்க அதிக நேரமும் அதிக மின்சாரமும் தேவைப்படும். குளியலறைச் சுடுநீர்க் கருவியின் உட்கம்பியில் படிவு திரண்டால், கம்பி மிதமிஞ்சிச் சூடாகி விரைவில் பழுதடையும். மூன்றாவது இழப்பு சமையலில். கடினநீரில் பருப்பும் கடலையும் வேக நெடுநேரமாகும். கால்சியம் பருப்பின் தோலை இறுகச் செய்வதே அதற்குக் காரணம்.

பால்மரம் சீவும் நமக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருத்தல் நன்று. இரப்பர்ப் பாலிலும் இயற்கையாகவே மக்னீசியம் உள்ளது. அது மிகுந்தால் பால் நிலைத்து நிற்காமல் திரியத் தொடங்கும். ஆகவே, செறிவூட்டிய பால் தயாரிக்கும் ஆலைகளில் பாஸ்பேட் உப்பைச் சேர்த்து மக்னீசியத்தைச் சேறாகப் படியவைத்து நீக்குகின்றனர். பாலில் கலக்கும் நீர் தூயதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. வாளியில் சவர்க்காரத்தைத் திரியச் செய்யும் தாது, ஆலையில் பாலையும் கெடுக்கவல்லது.

உடலுக்குக் கேடு உண்டா?

இவ்வளவு இழப்புகளைக் கூறியபின், கடினநீர் உடலையும் கெடுக்குமோ என்னும் ஐயம் எழுவது இயற்கை. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் கருதிய எல்லை எதனையும் விதிக்கவில்லை. நாடுகள் விதித்துள்ள எல்லைகள் பெரும்பாலும் சுவை, குழாய்ப்படிவு, சவர்க்காரச் செலவு ஆகியவற்றை முன்னிட்டவை. கால்சியமும் மக்னீசியமும் நம் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்துகள். பாலிலும் கீரையிலும் நெத்திலியிலும் நாம் தேடி உண்பவை அவையே.

சிறுநீரகக் கல்லுக்கும் கெட்டிலின் வெள்ளைப் படிவுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இருக்கலாம். ஆனால், கடினநீர் குடிப்பதால் கல் உண்டாகின்றது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. போதிய நீர் அருந்தாமையே கல் உண்டாவதற்கு ஒரு முக்கிய காரணம். வெயிலில் வியர்வை சிந்தி உழைக்கும் நாம், சுண்ணாம்புக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால், எதற்கு அஞ்சினோமோ அதனையே தேடிக்கொண்டவர்கள் ஆவோம்.

ஆகவே, கடினநீர் பணப்பைக்குப் பகையே தவிர உடலுக்குப் பகையன்று. உடலுக்கு உண்மையான பகை வேறு இடத்தில் உள்ளது.

நிறமும் அதன் பொருளும்

நம் வட்டாரத் தோட்டங்களில் குழாய்நீர் தடைப்படும் காலங்களில் கிணற்றுநீரையும் வாய்க்கால் நீரையும் நாட வேண்டியுள்ளது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் அணையின் நீர்மட்டம் குறைந்து, பல வாரங்கள் நீர்ப்பங்கீடு நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய காலத்தில் நீரின் குறிகளை அறிந்திருத்தல் பயன் தரும்.

காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் அது சுண்ணாம்பு. இறைத்தபோது தெளிவாக இருந்த கிணற்றுநீர், சிறிது நேரத்தில் மஞ்சளித்துப் பிள்ளைகளின் பள்ளிச்சட்டையில் துருக்கறை படிந்தால் அது இரும்பு. திறந்த தொட்டியில் நீரைக் கொட்டிக் காற்றுப்படச் செய்து, மணலில் வடித்தால் இரும்பின் பெரும்பகுதி நீங்கும். தேயிலைச் சாயம்போல் பழுப்பாக உள்ள நீர், ராஜா மூசா காட்டைப் போன்ற சதுப்புக் கரிமண் நிலத்திலிருந்து வருவது. அழுகிய இலைதழைகளின் சாறே அந்நிறம். அந்நீர் பார்ப்பதற்குக் கருமையாயினும் மென்னீரே. ஆனால் புளிப்புத் தன்மையுடையது.

மேற்கூறிய மூன்றும் நம் கண்ணுக்குத் தெரிபவை. வாந்திபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்களை உண்டாக்கும் கிருமிகளோ கண்ணுக்குத் தெரிவதில்லை. கழிவறைக்கு அருகிலுள்ள கிணற்றின் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். குடிப்பவருக்கோ அதனால் கேடு விளையலாம். இதனைத் தடுக்கும் எளிய வழி காய்ச்சுவதே. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்தல் வேண்டும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கண்டு காய்ச்சுவதை நிறுத்துபவர், தீங்கற்ற சுண்ணாம்புக்கு அஞ்சிக் கொடிய கிருமியை வீட்டுக்கு அழைப்பவராவார்.

காய்ச்சினாலும் போகாத கேடும் உண்டு. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரவாங் பகுதியில் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் துர்நாற்றத்தால், சிலாங்கூர் ஆற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் நீரின்றித் தவித்தன. எண்ணெய், கரைப்பான் போன்றவற்றின் நாற்றம் நீரில் வீசுமாயின், அதனைக் காய்ச்சியும் குடித்தலாகாது. உடனே நீர் விநியோக நிறுவனத்திற்கும் சுகாதார அலுவலகத்திற்கும் தெரிவிக்க வேண்டும்.

கண்ணாடிக் குவளை வித்தை

இயந்திரம் விற்போர் சிலர் வீடுதோறும் வந்து ஒரு வித்தை காட்டுவதுண்டு. இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுப்பர். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்நீர். மற்றொன்றில் அவர்களது இயந்திரத்தில் வடித்த நீர். மின்சாரத்தில் இணைந்த உலோகக் கம்பிகளை இரண்டிலும் அமிழ்த்துவர். சற்று நேரத்தில் நம் குவளை பழுப்பாகிச் சேறுபோல் கலங்கும்; அவர்களது குவளை தெளிவாகவே இருக்கும். ‘இத்தனை அழுக்கையா உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்?’ என்று கேட்பர். தாய்மார் கலங்கிப்போய்த் தவணைத்தாளில் கையெழுத்திடுவர்.

இதில் நடப்பது யாது? அக்கம்பிகளில் ஒன்று இரும்பு. தாது கரைந்த நீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கப்பட்டுத் துருவாகக் கரைகின்றது. குவளையில் கண்ட பழுப்பு நம் நீரிலிருந்து வந்ததன்று. அவர்களது கம்பியிலிருந்து வந்தது. தாது நீக்கிய நீரில் மின்சாரம் நன்கு பாயாததால் அது தெளிவாகவே நிற்கின்றது. விற்பவரின் குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மீண்டும் கம்பியை அமிழ்த்தும்படி கேளுங்கள். அந்நீரும் பழுப்பாகிவிடும். உப்பு அழுக்கன்று என்பதை அனைவரும் அறிவோம். இச்சோதனையை நாமாக வீட்டில் மின்சாரத்தைக் கொண்டு செய்தல் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

வடிகட்டும் கருவிகள் யாவும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. துரு, மணல், குளோரின் வாடை ஆகியவற்றை நீக்கும் கருவிகள் உண்டு. ஆயினும் நம் வீட்டு நீரில் உள்ள குறை இன்னது என்று அறிந்தபின்னரே அதற்கேற்ற கருவியைத் தேட வேண்டும். அச்சத்தில் கையெழுத்திட்டுவிட்டாலும் வழி உண்டு. 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், வீடுதேடி வந்து விற்கப்படும் பொருளுக்கான ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யப் பத்து வேலைநாள் அவகாசம் அளிக்கின்றது. அதற்குள் எழுத்துமூலம் அறிவித்து ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளலாம். தகராறு எழுமாயின் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர்மன்றத்தை நாடலாம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சோதனை. மூடியுள்ள தெளிவான புட்டி இரண்டை எடுத்து, ஒன்றில் வீட்டு நீரையும் மற்றொன்றில் மழைநீரையும் பாதியளவு நிரப்புக. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு இட்டு நன்கு குலுக்குக. இரண்டிலும் நுரை சமமாக எழுந்தால் வீட்டு நீர் மென்னீர். வீட்டு நீரில் நுரை குறைந்து திப்பி மிதந்தால் அது கடினநீர். இச்சோதனைக்குச் சலவைத்தூள் பயன்படாது. பள்ளி செல்லும் பிள்ளைகளையே இதனைச் செய்யச் சொல்லலாம். அவர்களுக்கு அது நல்ல பாடமாகும்.

இரண்டாவது, படிவை நீக்குதல். சமையல் வினிகரும் நீரும் சம அளவு கலந்து கெட்டிலில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் இதற்கு உதவும். பால் உறையவைக்கும் பார்மிக் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது தோலையும் கண்ணையும் எரிக்கும். குடிநீர்ப் பாத்திரத்தில் சேரத்தக்கதன்று.

மூன்றாவது, மழைநீர். மழைநீர் மென்னீர், துவைப்பதற்கும் குளிப்பதற்கும் சிறந்தது. மழை தொடங்கியதும் கூரையின் தூசியைக் கழுவிவரும் முதல் நீரைக் கழித்துவிட்டுப் பின்வருவதைச் சேமிக்க வேண்டும். பீப்பாயை இறுக மூடிவைத்தல் இன்றியமையாதது. மூடாத பீப்பாயில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டிங்கியைப் பரப்பும்.

நான்காவது, உரிமை. 446ஆம் எண் கொண்ட 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர்களுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியுள்ளது. நீர் போதாமலோ கெட்டோ இருந்தால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். தீர்வு கிட்டாதபோது தொழிலாளர் இலாகாவை அணுகலாம். எந்த நாளில், எந்தக் குழாயில், என்ன நிறத்தில் நீர் வந்தது என்று குறித்துவைத்துச் சென்றால் முறையீடு வலுப்பெறும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

வெள்ளைப் படிவு கண்டால் வினிகரைத் தேடுவோம். துருக்கறை கண்டால் மணல்வடியைத் தேடுவோம். துர்நாற்றம் வீசினால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம். நீர் எவ்வளவு தெளிவாக இருப்பினும் குடிப்பதற்குக் காய்ச்சியே வைப்போம். நான்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பட்டணத்தில் வாழும் உறவினருக்கும் தெரிவித்தால், வீண் அச்சத்திலிருந்தும் வீண் கடனிலிருந்தும் பல குடும்பங்கள் காக்கப்படும். உழைத்து ஈட்டிய பணம் குவளையில் கரைந்த துருவுக்காகச் செலவாகாமல், பிள்ளைகளின் கல்விக்கும் குடும்ப நலனுக்கும் பயன்படுவதாகுக.